காட்டிக்கொடுக்கும் பவுடர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாங்கத் தெரிகிறது, கழுவத் தெரியவில்லை. கார் வாங்குவான், காக்கை போட்டது அதன் மேல் காய்ந்து வெள்ளையடித்த மாதிரி கிடக்கும். தண்ணீரைச் சுத்தம் பண்ண மிஷின் வாங்குவான், அந்த மிஷினைச் சுத்தம் பண்ண ஆள் தேடுவான். நாய் வாங்குவான், அது போனதைப் பக்கத்து வீட்டுக்காரன் மிதிக்க வேண்டும். கேட்டால் நேரமில்லை என்பான். கைப்பேசியை மட்டும் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்து வைத்துக்கொள்ள நேரம் இருக்கும்.

என் மாப்பிள்ளை அந்த ரகம்தான். வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு நாள் சாயங்காலம் பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றடித்தால் எழுந்து நிற்கிற ரப்பர் தொட்டி. நீல நிறம், ஓரமெல்லாம் சிரிக்கிற மீன்கள். உயரம் என் முழங்காலுக்குக் கீழே.

"இனி நம்ம வீட்லயும் ஸ்விம்மிங் பூல், மாமா."

"இதுல நீந்தணும்னா தவளையாத்தான் பொறக்கணும், மாப்ள" என்றேன்.

அவருக்குக் கோபம் வராது. பெயிண்ட் கம்பெனியில் கடைகடையாக ஏறி ஆர்டர் பிடிக்கிற வேலை. எவன் என்ன சொன்னாலும் சிரித்துச் சிரித்து அந்தப் பல்லுக்குப் பழகிவிட்டது.

தொட்டி எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை. என் மகள் பகலில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் கொண்டுவந்து தள்ளிவிட்டு, வேலை முடிந்ததும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். எதிர்த்தெருவில் இன்னொருத்தி அதே தொழிலை ஆரம்பித்து வாசலில் சறுக்குமரம் போட்டுவிட்டாள். இங்கே வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலது அந்தப் பக்கம் சறுக்கிவிட்டது. அதற்குப் போட்டிதான் இந்தத் தொட்டி.

வாங்கியது அவர், பெருமை என் மகளுக்கு, கழுவுகிற வேலை என் தலையில். "அப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்றாள். சும்மா இருக்கிறவன் என்று ஒருவனுக்குப் பெயர் வைத்துவிட்டால் வீட்டில் பாதி வேலை அவனுக்குத்தான்.

அந்த வேலை சும்மா இல்லை. தண்ணீரை விட்டால் மறுநாளே பக்கவாட்டில் வழவழவென்று ஒன்று பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். அதை முரட்டுத் துணியால் தேய்த்தால் ரப்பர் கீறிவிடும், மெத்துத் துணியால் தேய்த்தால் போகாது. பழைய பல்துலக்கும் பிரஷ்தான் சரி. அடியில் இருக்கிற மடிப்புகளில் முடியும் மண்ணும் போய் உட்கார்ந்துகொள்ளும். தாய்மார்கள் பிள்ளைகளுக்கு வெயில் படக்கூடாது என்று கிரீமை அப்பி அனுப்புவார்கள், அது மிதந்து தொட்டியைச் சுற்றி ஒரு கோடு போடும், சோப்புப் போட்டால்தான் விடும். தினமும் தண்ணீரைக் கொட்டி, தேய்த்து, அலசி, சுவரோரம் கவிழ்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் மறுநாள் செத்த எலி மாதிரி நாறும். உள்ளே இறங்குமுன் எல்லாரும் கால் கழுவ ஒரு பேசினில் தண்ணீர் வைத்தேன். முதல் நாளே ஒன்று அந்தப் பேசினுக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் காலில் இருக்கிற அழுக்கு பெரிதில்லை. ஊரார் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். விளையாடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அசையாமல் நின்று வானத்தைப் பார்க்கும். முகத்தில் ஒரு ஞானம் வரும். அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் பையன் ஒருவன் உண்டு, குண்டு என்று கூப்பிடுவோம். அவன் ஒரு நாளில் அப்படி எத்தனை தரம் ஞானம் அடைந்தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மகளிடம் சொன்னேன். மகள் புருஷனிடம் சொன்னாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வேலைக்குப் போகுமுன் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தார். கையில் ஒரு பெயிண்ட் டப்பா. மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்திருந்தார். மூடியைத் திறந்து காட்டினார், உள்ளே வெள்ளையாகப் பவுடர்.

"இது என்ன தெரியுமா?"

"மாவு" என்றது ஒன்று.

"மாவு இல்ல. காட்டிக்கொடுக்குற பவுடர். இதைத் தாத்தா தினமும் தண்ணியில கலப்பாரு. யாராவது உள்ள ஒண்ணுக்குப் போனீங்க, போன ஆளைச் சுத்தித் தண்ணி கலர் மாறிடும். எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

குண்டு கையைத் தூக்கினான். "அங்கிள், கொஞ்சமா போனா?"

"கொஞ்சமா போனா கொஞ்சமா மாறும்."

பிள்ளைகள் அப்படியே உறைந்துபோய் நின்றன. நான் அவரைத் தனியாக வாசலில் பிடித்தேன். "நெசமாவா, மாப்ள? வாடையெல்லாம் சாக்கடைக்குப் போடுற பவுடர் மாதிரியே இருக்கு."

"அதுல இதையும் சேர்த்திருக்கு, மாமா. பெரிய ஹோட்டல் பூல்லயெல்லாம் இதான் போடுறாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நான் லேசில் எதையும் நம்புகிறவன் இல்லை. ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவேன், அவர் சரி என்றால் இரண்டு பேரும் கூட்டு என்று தெரிந்துகொண்டு மாத்திரையைத் தூக்கிப் போடுவேன். ஆனால் நிறம் மாறுகிற சங்கதி மாப்பிள்ளையின் தொழில். தவிர, கண்ணெதிரே வேலை செய்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏறி ஏறிக் கக்கூசுக்கு ஓடின. குண்டுகூட ஓடினான். சாயங்காலம் தொட்டியைக் கவிழ்க்கும்போது வாடை இல்லை. பிறகு நம்பாமல் என்ன செய்ய?

இனி ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் அம்மா பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. விடிந்ததும் விடியாததுமாக ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். எதிர்த்தெருக்காரி வெயில் வாசலுக்கு வந்த பிறகுதான் கதவைத் திறப்பாள். எங்கள் வீட்டில் நான் தூக்கம் வராமல் எழுந்து கேட்டைத் திறந்துவிடுவேன், அதனால் முடிந்தது. ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லையென்றால் வெளியே காத்திருக்கிற இன்னொருத்தியை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்களாம். புருஷன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கதை சொல்வார்கள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்குக் கொஞ்சம் குறைவு. குச்சி மாதிரி கை கால். பவுடர் வந்த பிறகு எல்லாரையும்விட அதிகம் பயந்தது அதுதான். தண்ணீரில் இறங்குமுன் ஒரு தரம் கக்கூசுக்குப் போகும், இறங்கி ஏறி மறுபடி போகும். ஒவ்வொரு தரமும் வந்து என்னிடம் சொல்லும். "தாத்தா, போயிட்டு வந்துட்டேன்."

"எனக்கென்ன, நான் சர்டிஃபிகேட்டா குடுக்கப்போறேன்? போ" என்பேன்.

ஒரு நாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் போர்க்குழாய் இருக்கிறது, மோட்டார் போட்டால் வரும். அந்தத் தண்ணீர் செடிக்கும் கக்கூசுக்கும். பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். கக்கூசுக் கோப்பையில் மஞ்சளாகக் கறை படிகிறது என்று மகள் தண்ணீரைக் குறை சொல்வாள். தேய்க்கிற கையில் பலம் இல்லாதவர்கள் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். நான் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன்.

வழக்கமாகப் பவுடரை ஒரு மக்கில் கரைத்து, அடியில் மண்டி தங்கியதும் மேல்தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் பிள்ளைகளை இறக்குவேன். அன்றைக்கு மோட்டார் மெதுவாக இறைத்ததில் நேரமாகிவிட்டது. நான் மக்கோடு வருவதற்குள் எல்லாம் உள்ளே குதித்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஏறுங்கள் என்றால் எவன் ஏறுவான்? ஓரமாக, கூட்டம் இல்லாத பக்கமாகப் பார்த்து ஊற்றினேன். அந்த ஓரத்தில் ஃபேக்டரிக்காரி மகள் மட்டும் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது.

மக்கைக் கழுவி வைக்கத் திரும்பினேன். கீச்சு என்று ஒரு பெண்பிள்ளை உண்டு, அவள் போட்ட கீச்சலில் காது அடைத்துவிட்டது.

"மாறிடுச்சு! மாறிடுச்சு!"

பார்த்தால் அந்தப் பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் பழுப்பாகிக்கொண்டிருந்தது. முதலில் மஞ்சள், அப்புறம் டீ வடித்த மாதிரி. அது கையால் அந்த நிறத்தைத் தள்ளிவிடப் பார்த்தது. தள்ளத் தள்ளப் பரவியது. மற்றதெல்லாம் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு வெளியே பாய்ந்தன. நடுவில் அது மட்டும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நான் இல்ல. நான் போயிட்டு வந்துட்டேன். தாத்தா, உங்ககிட்ட சொன்னேனே."

சொன்னது உண்மைதான். சொல்கிறவர்கள் எல்லாரும் செய்கிறவர்களா?

மகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். பார்த்தாள். பிள்ளையின் ஒரு கையைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தாள். "இவ்ளோ சொல்லியும் உள்ளயே போயிருக்க, இல்ல?" பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டின. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, "டீத்தண்ணி, டீத்தண்ணி" என்று ஒரே பாட்டு. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

ஷிஃப்ட் முடிந்து அம்மாக்காரி வந்தாள். தலையில் ஃபேக்டரித் தொப்பியை எடுக்கக்கூட மறந்திருந்தாள், பக்கத்தில் நின்றால் பிஸ்கட் வாசம். மகள் கேட்டிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள்.

"நாளையிலேருந்து வேற இடம் பாத்துக்கோம்மா. மத்தவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. அந்த நேரத்துக்கு வேற யாருக்கா எடுப்பா? ரெண்டு நாள் போகலன்னா என் இடத்துல வேற ஆளை நிறுத்திடுவாங்கக்கா."

"நான் போகலம்மா" என்றது பிள்ளை.

"பாத்தியா? சின்னப்புள்ள, போயிடுச்சு, அது பெருசில்ல. ஆனா பொய் சொல்லுது பாரு, அதான் எனக்குப் பிடிக்கல. ஒத்துக்கிட்டாக்கூட யோசிக்கலாம்."

அம்மாக்காரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"போனேன்னு சொல்லு."

"போகலம்மா."

"சொல்லுடி. சொன்னா ஆன்ட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் போகவே இல்லம்மா."

ஓர் அறை. சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இன்னோர் அறை. மாப்பிள்ளை அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசற்படியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

"போனேன்" என்றது பிள்ளை.

"ஆன்ட்டியைப் பாத்துச் சொல்லு. சத்தமா."

"போனேன் ஆன்ட்டி."

மகளுக்கு மனம் இளகிவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. வரட்டும், ஆனால் தொட்டியில் இறங்கக் கூடாது, மற்ற பிள்ளைகள் விளையாடும்போது ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்றாள். அம்மாக்காரி மகளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போகிற வழியில், தான் அடித்த கன்னத்தைத் தானே தடவிக்கொண்டு போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளையிடம், "உங்க பவுடர் கில்லாடிதான், மாப்ள" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இனி ஒருத்தனும் போக மாட்டான், மாமா" என்றார். பிறகு ஏனோ சாம்பார் இல்லை, ரசம் இல்லை, உப்பு இல்லை என்று எதையோ தேடினார்.

அவர் சொன்னது நடந்தது. ஸ்டூலில் ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் தானாக ஒழுங்காகிவிடுகின்றன. அம்மாக்காரி தினமும் அதைக் குளிக்கிற உடுப்போடுதான் அனுப்பினாள், ஒருவேளை இன்றைக்கு விட்டுவிடுவார்களோ என்று. அது பூப்போட்ட உடுப்பைப் போட்டுக்கொண்டு காய்ந்த உடம்போடு உட்கார்ந்திருக்கும். விளையாடுகிறதுகள் அதன் மேல் தண்ணீரை வாரி அடிக்கும். பந்து வெளியே வந்து விழுந்தால் எடுத்துக் கொடுக்கும். "ஏய், தொடாத, பந்து டீயாயிடும்" என்பான் குண்டு. நல்ல வாய் அவனுக்கு. எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த இடத்தில் ரப்பர்த் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, நான் தெரியாம போயிருப்பேனா?"

"போயிருப்பே."

"எனக்கே தெரியாம வருமா?"

"ஏன் வராது? எனக்கே வருது. உடம்பு உன்னைக் கேட்டுட்டா எல்லாம் செய்யும்?"

அது தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டது. கேட்டதற்கு இருக்கிறதைச் சொன்னேன். பிள்ளை என்பதற்காக நான் பொய் சொல்கிறதில்லை.

அதற்குப் பிறகு அது தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது. காலையில் கொண்டுவருகிற பாட்டில் நிரம்பியபடியே திரும்பிப் போகும். உதடு வெடித்து வெள்ளையாகிவிட்டது. அம்மாக்காரி கேட்டாள், "ஏங்கய்யா, புள்ள தண்ணியே குடிக்கலையா? பாட்டில் அப்படியே வருது."

"நாங்க என்ன, புட்டியா வெச்சு ஊட்ட முடியும்?" என்றேன்.

சனிக்கிழமை ஃபேக்டரிக்கு அரைநாள். மாப்பிள்ளைக்கும் விடுமுறை, கொல்லையில் நாற்காலி போட்டுக் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார். குழாயில் மறுபடி தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டு நிரப்பினேன். இந்தத் தரமும் பிள்ளைகள் முந்திக்கொண்டன. நான் மக்கைச் சாய்த்துச் சுற்றிலும் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து அம்மாக்காரி பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

கொஞ்ச நேரம்தான். தொட்டி முழுக்க மாறியது. ஓர் இடம் பாக்கியில்லை.

பிள்ளைகள் ஒன்றை ஒன்று கைகாட்டின. "நீதான்", "நீதான்". குண்டு, "நான் இன்னைக்குப் போகல, இன்னைக்குப் போகவே இல்ல" என்று அலறினான். கீச்சுதான் ஸ்டூலைக் காட்டினாள். "டீத்தண்ணி பாத்துக்கிட்டே இருந்தா! அவ பாத்தாலே மாறுது!"

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அது ஸ்டூலில் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டது. பார்க்காமல் இருக்கப் பார்க்கிறது.

அம்மாக்காரி தொட்டியோரம் வந்து நின்றாள். "இப்ப யாருக்கா போனது?"

நான்தான் சொன்னேன். "ரப்பர் பாரும்மா. அன்னைக்கு உள்ள ஊறினது இன்னைக்கு வெளிய வருது."

"நடுவுல இத்தனை நாள் எங்கய்யா போயிருந்துச்சு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"இன்னைக்கு எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

"மோட்டார்த் தண்ணி. குழாய்ல வரல."

"அன்னைக்கு?"

யோசித்தேன். "அன்னைக்கும் மோட்டார்தான்" என்றேன். எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?

அவள் குளியலறைக்குள் போய் வெள்ளை வாளியை எடுத்துவந்தாள். மோட்டார்க் குழாயடியில் வைத்துப் பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. "இதுல யாராவது இறங்கினாங்களா?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். "குடுங்கய்யா அந்த டப்பாவ." ஒரு பிடி பவுடரை அள்ளிப் போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்கினாள்.

எல்லாரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, அவள் கையை எடுத்தபோது டீத்தண்ணீராகவே ஆகிவிட்டது.

மகள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க இது?"

மாப்பிள்ளை சிரித்தார். ஆர்டர் பிடிக்கிற அதே சிரிப்பு. "அட, நீ வேற. பசங்களை மிரட்டுறதுக்குச் சும்மா சொன்னது. அப்படி ஒரு பவுடரே கிடையாது. இது ப்ளீச்சிங் பவுடர். போர் தண்ணியில இரும்பு இருக்கும் போல, ரெண்டும் சேர்ந்தா இப்படி ஆகும்."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அம்மாக்காரி.

"இரும்பு விஷயம் இப்பத்தான் தோணுது."

"பவுடர் இல்லைன்னு?"

அவர் கைப்பேசியைச் சட்டையில் தேய்த்தார்.

"நான் இவளை அடிச்சப்ப நீங்க வாசப்படியிலதானே நின்னீங்க?"

"நீங்க அம்மாவும் பொண்ணுமா பேசிட்டு இருந்தீங்க. நடுவுல நான் எப்படிங்க வர்றது?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டூலுக்கு முன்னால் வைத்து, மண்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் முகத்திலிருந்து கையை விலக்கினாள்.

"பாரு. நீ இல்லடி. தண்ணிதான். நீ ஒண்ணுமே பண்ணல."

பிள்ளை வாளியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. "நான்தாம்மா போனேன்."

"இல்லடி கண்ணு. இப்ப பாத்தேல்ல?"

"தெரியாமலே வருமாம். தாத்தா சொன்னாரு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என்னைப் பார்த்து என்ன? நான் கேள்விக்குப் பதில் சொன்னவன்.

"அது இல்லடி. நீ போகல. போகலன்னு சொல்லு."

"போனேம்மா."

"போகலன்னு சொல்லுடி!" அவள் கை தன்னால் மேலே போய்விட்டது. வேண்டும் என்று ஓங்கவில்லை, அதை நானே சொல்வேன். ஆனால் பிள்ளை கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வேகவேகமாகச் சொன்னது.

"எதைம்மா சொல்லணும்? நீ சொல்லு, நான் சொல்லிடுறேன். எதைச் சொல்லணும்?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஈரப் புடவையில் துடைத்தாள். ஒரு பிள்ளை ஏனோ சிரித்தது, என் மகள் அதட்டினாள்.

அம்மாக்காரி எழுந்து பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். நிரம்பிய பாட்டிலை எடுத்துத் தோளில் மாட்டினாள். கத்துவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவாள் என்றுதான் மகளும் நினைத்திருப்பாள், முகம் செத்துப்போயிருந்தது. கதவு வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கொண்டுவந்து விடுறேன்க்கா."

"வரட்டும், வரட்டும்" என்றாள் மகள் அவசரமாக. "இனி எல்லாரோடயும் தண்ணியில விளையாடட்டும். ஏண்டா கண்ணு, விளையாடுறியா?"

அம்மாவின் தோளுக்கு மேலே அந்த முகம் தெரிந்தது. "வேணாம் ஆன்ட்டி. ஸ்டூல்லயே உக்காந்துக்குறேன்."

அவர்கள் போன பிறகு மகள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை, அப்புறம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களுமாப்பா? அந்தப் புள்ளகிட்ட போய் அப்படிச் சொல்வீங்களா? வாளியைப் பாத்தீங்கல்ல? இப்பவாவது ஒத்துக்கோங்க."

எதை ஒத்துக்கொள்வது? அன்றைக்குப் பவுடர் காட்டிக்கொடுக்கும் என்று சொன்னவரும் அந்த மாப்பிள்ளைதான், இன்றைக்கு அப்படி ஒரு பவுடரே இல்லை என்று சொல்கிறவரும் அதே மாப்பிள்ளைதான். ஒருவர் இரண்டு சொன்னால் எது பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீரில் இரும்பாம். இரும்பு கரையுமா? கரைந்தால் என் அரிவாள்மணை எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டும். அந்த வாளி குளியலறை வாளி. அதில் யார் யார் எதையெதை ஊறவைத்தார்களோ, யாருக்குத் தெரியும்? எல்லாம் போகட்டும். பிள்ளை தன் வாயால் இரண்டாம் தரமும் சொல்லிவிட்டது, யாரும் அடிக்காமலே. பெற்றவளே கெஞ்சியும் மாற்றிச் சொல்லவில்லை. செய்யாத ஒன்றை யாராவது அப்படிப் பிடிவாதமாகச் செய்தேன் என்பார்களா?

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் காது கேட்காது, இந்தக் காலத்து ஆட்களுக்கு. தொட்டியின் ஓரத்தை மிதித்துத் தண்ணீரைச் செடிப் பக்கம் சாய்த்துவிட்டேன். பழுப்பாக ஓடி மண்ணில் இறங்கியது. அடியில் துருக் கலரில் ஒரு படலம் தங்கியிருந்தது, பிரஷ்ஷால் தேய்த்தேன், போகவில்லை. சோப்புப் போட்டும் போகவில்லை.

"அப்பா, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

பிரஷ்ஷைப் பேசினுக்குள் எறிந்துவிட்டு, தொட்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். ஸ்டூல் வழியில் நின்றது. அதைக் காலால் ஒதுக்கினேன்.

"இரும்பாம்" என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போனேன்.